குரல் நம்முடையது, கோப்பு யாருடையது? ஏஐ காலத்தில் சிறுமொழித் தரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மொழித் தரவு" என்று பெரிதாகப் பேசுகிறார்களே, எதைச் சொல்கிறார்கள்?

ஏஐ-க்கு ஒரு மொழியைப் பழக்கத் தேவைப்படும் எல்லாவற்றையும்தான். புத்தகம், செய்தி, அரட்டை என எழுத்தில் இருப்பவை; யாரோ பேசிய ஒலியும் அதை வரிக்கு வரி எழுதிய பிரதியும்; ஒரே வாக்கியம் இரண்டு மொழிகளில் அமைந்த இணைகள். ஆங்கிலத்துக்கு இவை இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. மற்ற மொழிகளின் நிலையைப் புரிந்துகொள்ள, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருளின் கணக்கைப் பார்க்கலாம். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ அதை 2022 செப்டம்பரில் வெளியிட்டது. மொத்தம் 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பழகிய மென்பொருள் அது. அதில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்து எழுத்தாக்கப் பயிற்சிக்குக் கிடைத்தது 1,17,000 மணி நேரம். தமிழின் பங்கு 136 மணி நேரம். இந்தியின் பங்கு வெறும் 12.

ஆக, எத்தனை கோடிப் பேர் பேசுகிறார்கள் என்பது இங்கே செல்லுபடியாகாது. எழுத்துப் பிரதியோடு கூடிய ஒலி இணையத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் கணக்கு.

சரி, இதில் உரிமைத் தகராறு எங்கிருந்து வந்தது?

தட்டுப்பாட்டிலிருந்துதான். ஆங்கிலத்தில் ஒரு மணி நேர ஒலி போனால் யாருக்கும் தெரியாது. இரண்டு லட்சம் பேர் பேசும் மொழியில் நல்ல பிரதியோடு கூடிய 300 மணி நேரம் என்பது பெரிய சொத்து. அதை வைத்திருப்பவர் அந்த மொழியில் யார் கருவி செய்யலாம், யார் செய்ய முடியாது என்று தீர்மானிக்கலாம்.

இந்த விவாதத்தில் எப்போதும் நியூசிலாந்துப் பழங்குடியினரான மாவோரிகளின் பெயர் வருகிறதே, ஏன்?

பேசியதோடு நில்லாமல் செய்து காட்டியவர்கள் என்பதால். இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நியூசிலாந்தில் 1867-ல் வந்த சட்டத்தின்கீழ் மாவோரிப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் ஆங்கிலத்துக்கு மாறின. பள்ளி வளாகத்தில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறைகள் உண்டு. மொழி தேய்ந்தது. 1980-களில் மீட்பு இயக்கம் எழுந்து, 1987-ல் மாவோரி ஆட்சிமொழி ஆனது. அந்த அலையில் பிறந்தவை பழங்குடி வானொலிகள். நாட்டின் வடமுனையில் உள்ள கைடாயா என்ற சிற்றூரில் ஐந்து பழங்குடிக் குழுக்கள் சேர்ந்து 1990-ல் தொடங்கிய நிலையம்தான் இன்றைய தே ஹிக்கு மீடியா.

முப்பது ஆண்டு ஒலிபரப்பில் அவர்களிடம் ஒரு புதையல் சேர்ந்துவிட்டது. ஆங்கிலம் கலக்காத மாவோரி பேசி வளர்ந்த முதியவர்களின் குரல்கள் அவை. ஆனால் ஒலியாகவே கிடந்தால் தேட முடியாது. "இந்த மீன்பிடி முறையைப் பற்றி யார், எந்தப் பதிவில் சொன்னார்?" என்று ஒரு மாணவி கேட்டால், யாராவது உட்கார்ந்து நாள் கணக்கில் கேட்க வேண்டும். கையால் எழுதி முடிக்க ஆட்கள் போதாது. பழைய வழக்கைப் புரிந்து எழுதுகிறவர்கள் அதைவிடக் குறைவு. பேச்சறி மென்பொருள் வேண்டும். இந்தச் சிறிய சந்தைக்காக அதை யாரும் செய்து தரப்போவதில்லை.

அதனால் 2018-ல் தாங்களே இறங்கினார்கள். எழுதிவைத்த வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்ய ஓர் இணையதளம் போட்டார்கள். குழுக்களுக்கிடையே பரிசுப் போட்டி அறிவித்தார்கள். படகுப் போட்டிக் குழுக்கள்கூடச் சேர்ந்துகொண்டன. பத்து நாளில் சுமார் 2,500 பேர், ஏறத்தாழ 2,00,000 வாக்கியங்கள், 310 மணி நேர ஒலி. அதைக் கொண்டு, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லாவின் திறந்த மென்பொருளை அடித்தளமாக வைத்து, முதல் பேச்சறி மாடலை (ஒலியில் பழகிய ஏஐ நிரலை) உருவாக்கினார்கள். இப்போதுள்ள மாடல் மாவோரிப் பேச்சை 92 சதவீதம் சரியாக எழுதுகிறது என்பது அவர்கள் தரும் கணக்கு.

தே ஹிக்குவை நடத்தும் பீட்டர்-லூக்காஸ் ஜோன்ஸ், தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் ஹவாய்ப் பழங்குடியினரான கியோனி மஹேலோனா இருவரும் எடுத்த ஒரு முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒளிபரப்புகளை யூடியூப்பிலும் ஃபேஸ்புக்கிலும் குவித்து வைக்காமல், தங்களுக்கென்று ஒரு தளம் கட்டினார்கள். ஆள் பார்ப்பது குறையும் என்று தெரிந்தே செய்தார்கள். ஏஐ அலை அடித்தபோது அவர்கள் கையில் பேரம் பேச ஏதோ இருந்தது என்றால், அந்தச் சலிப்பூட்டும் சர்வர் வேலையால்தான்.

காசு கொடுத்து வாங்க யாரும் வரவில்லையா?

வந்தார்கள். மாவோரிப் பேச்சுக்கு ஒரு மணி நேரத்துக்கு 45 அமெரிக்க டாலர் தருவதாக ஓர் அமெரிக்க மொழிச்சேவை நிறுவனம் கேட்டது. மறுத்துவிட்டார்கள். அந்த விலையில் 310 மணி நேரத்தையும் விற்றிருந்தால் மொத்தம் 14,000 டாலர்கூடத் தேறியிருக்காது. வாங்கியவர் அதைக் கொண்டு செய்த சேவையை அதே மக்களுக்கு மாதச் சந்தாவில் விற்றிருப்பார். "எங்கள் மொழியை அடித்துப் பிடுங்கினார்கள், இப்போது எங்களுக்கே திருப்பி விற்கப் பார்க்கிறார்கள்" என்ற மனக்கொதிப்பு அங்கே இருக்கிறது. 1867-ஐ நினைத்தால் அது மிகை என்று சொல்லத் தோன்றவில்லை.

மறுத்ததோடு பட்டினி கிடக்கவும் இல்லை. அரசு 2019-ல் அவர்களுடைய பாப்பா ரெயோ என்ற மொழித்தொழில்நுட்பத் திட்டத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு 1.3 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கியது. மறுக்கத் தெம்பு வேண்டும் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாச் சிறு சமூகத்துக்கும் அப்படி ஓர் அரசு வாய்க்காது.

இவ்வளவு காத்தும் விஸ்பருக்குள் மாவோரி நுழைந்துவிட்டதே?

நுழைந்தது. விஸ்பர் பற்றிய ஆய்வுக் கட்டுரையில், மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கான கணக்கில், மாவோரிக்கு 1,381 மணி நேரம், ஹவாய் மொழிக்கு 338 மணி நேரம் என்று இருக்கிறது. இணையத்தில் அகப்பட்டதைத் திரட்டியது. யாருடைய பதிவுகள், யாரிடம் கேட்டார்கள் என்ற விவரம் அதில் கிடையாது. தே ஹிக்கு 2023 தொடக்கத்தில் இதைப் புதிய காலனியம் என்றே எழுதியது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அதே கட்டுரை வெல்ஷ் மொழிக்கு 9,000 மணி நேரம் என்று கணக்குக் காட்டுகிறது. ஆசிரியர்களே தோண்டிப் பார்த்தபோது பெரும்பகுதி ஆங்கில ஒலி, தானியங்கி மொழியறிதல் தவறாக வெல்ஷ் என்று முத்திரை குத்தியது என்று தெரிந்தது. அந்த மொழி தெரிந்த ஒருவர் ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். சமூகத்தை விட்டுவிட்டுத் தரவை மட்டும் எடுத்தால் தரமும் போகிறது. அறத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள்கூட இந்தக் காரணத்துக்காகவாவது கேட்டு வாங்கலாம்.

பேசியவருக்குத்தானே தன் குரலின் மேல் உரிமை? சட்டம் என்ன சொல்கிறது?

பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவின் ஆசிரியர் அதைத் தயாரித்தவர். மைக்கைப் பிடித்து, செலவு செய்து, பதிவு எடுத்தவருக்கு 60 ஆண்டு உரிமை. பாடியவருக்கும் உரை நிகழ்த்தியவருக்கும் நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு என்றாலும், ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டு அதை வாங்கிவிடுவது வழக்கம். தாலாட்டும் ஒப்பாரியும் இன்னும் மோசமான நிலையில் இருக்கின்றன. இயற்றியவர் பெயர் இல்லாததால் பாட்டு பொதுச்சொத்து. அதைப் பதிவு செய்த கோப்பு மட்டும் ஒருவருடைய தனிச்சொத்து.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கப் பழங்குடி மொழியான லகோட்டா சாட்சி. அமெரிக்காவின் டகோட்டா மாநிலங்களில், மொழியை மீட்க வந்த ஓர் அமைப்பு பல ஆண்டுகள் முதியவர்களிடம் பதிவு எடுத்தது. அதிலிருந்து செய்த பாடநூல்களுக்கும் பிற ஆக்கங்களுக்கும் தன் பெயரில் பதிப்புரிமை போட்டது. தன் பாட்டியின் பேச்சு அடங்கிய பாடநூலைப் பேரன் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை. மொழிக்கு உரிமை கோரவில்லை, தயாரித்த ஆக்கங்களுக்குத்தான் கோருகிறோம் என்றது அமைப்பு. சட்டப்படி அது சரி. ஆனாலும் அங்குள்ள ஸ்டாண்டிங் ராக் பழங்குடி மன்றம் 2022-ல் அந்த அமைப்பைத் தங்கள் மண்ணிலிருந்து விலக்கிவைத்தது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததா?

தனி ஆளுக்குத் தீர்ந்தது. ஒரு மருத்துவச்சி ஊர் முழுக்கப் பல தலைமுறையாகக் கையாளும் பச்சிலைக் குறிப்பைச் சொன்னால், அவருடைய கையெழுத்து ஊர் சார்பில் போட்டது ஆகுமா? இந்த இடத்தில் தனிநபர் தரவுச் சட்டங்கள் கையை விரிக்கின்றன. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டமும் அப்படியே. சமூகம் என்ற ஒன்று அவற்றின் கண்ணில் படுவதில்லை. போதாக்குறைக்கு, ஒருவர் தானே பொதுவெளியில் போட்ட தரவு அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வராது.

ஆப்பிரிக்க மொழிகளின் நிலை என்ன?

அங்கே கதை வேறு. ஆயிரக்கணக்கான மொழிகள், பலவற்றுக்கும் இணையத்தில் கணிசமாகக் கிடைப்பது மத நூல்கள் மட்டுமே. 2019-ல் தொடங்கிய மசகானே என்ற ஆய்வாளர் கூட்டமைப்பு தன் முதல் மொழிபெயர்ப்பு மாடல்களுக்கு நம்பியிருந்தது ஜேடபிள்யு300 என்ற தொகுப்பை. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ அமைப்பின் தளத்திலிருந்து 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் திரட்டியது அது. முறைப்படி அனுமதி கேட்டபோது மறுப்பு வந்தது. தொகுப்பும் பொதுக் களஞ்சியத்திலிருந்து இறங்கியது. தங்கள் சொந்த மொழியில் எழுதப்பட்ட வாக்கியங்களைத் தொட ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் இன்னொரு கண்டத்தில் இருக்கும் ஒரு தலைமையகத்திடம் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது.

மெட்டா 2023-ல் வெளியிட்ட 1,100-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கான பேச்சு மாடலும் புதிய ஏற்பாட்டு வாசிப்புகளில் பழகியதுதான். மொழிக்குச் சராசரியாக 32 மணி நேரம். வேதாகம வாசிப்பில் சந்தை பேரமும் வராது, ஆஸ்பத்திரி வரிசையும் வராது. உரிமை ஒருபுறம் இருக்கட்டும், அந்த மொழி இப்படித்தான் பேசப்படுகிறது என்று இயந்திரம் நினைத்துக்கொள்வது இன்னொரு தொல்லை.

எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டால் சண்டையே இல்லையே?

திறந்த தரவால் விளைந்த நன்மையை மறுக்க மாட்டேன். ருவாண்டாவின் கின்யாருவாண்டா மொழியில் தன்னார்வலர்கள் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்துக்கு 2,000 மணி நேரத்துக்கும் மேல் குரல் கொடுத்தார்கள். எந்த நிபந்தனையும் இல்லாத பொது உரிமம். பெரிய ஐரோப்பிய மொழிகளையே ஒரு கட்டத்தில் அது பின்னுக்குத் தள்ளியது. தமிழிலும் அந்தத் திட்டம் நடக்கிறது.

ஆனால் திறந்த கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் பயன்படாது. ருவாண்டாத் தலைநகர் கிகாலியில் இருக்கும் மாணவருக்கும் ஏஐ-யைப் பழக்கும் ஆயிரக்கணக்கான கிராபிக்ஸ் சிப்புகள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே கோப்பு, ஒரே உரிமம். யார் முதலில் பொருள் செய்து விற்பார்கள் என்பதில் ஐயம் என்ன? எடுத்தவர் ஒரு வரி நன்றி எழுதவும் அந்த உரிமம் கட்டாயப்படுத்துவதில்லை.

இதனால்தான் நடுவழிகள் தோன்றின. தரவு கிடைக்க வேண்டும், பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும் என்ற ஃபேர் நெறிகள் 2016-ல் வந்தபோது, அதில் மக்கள் எங்கே என்று கேட்டுப் பழங்குடி ஆய்வாளர்கள் 2019-ல் கேர் நெறிகளைக் கொண்டுவந்தார்கள். தே ஹிக்குவின் கைத்தியாக்கிதங்கா உரிமம் தரவைச் சொத்தாகப் பார்க்காமல் காவல் பொறுப்பாகப் பார்க்கிறது. வரும் பலன் மூல மக்களுக்குத் திரும்ப வேண்டும் என்கிறது. ஆப்பிரிக்காவில் உருவான நூடுல் உரிமம் வளரும் நாட்டுப் பயனருக்கு ஒரு நிபந்தனை, வளர்ந்த நாட்டுப் பயனருக்கு வேறு நிபந்தனை என்று வெளிப்படையாகவே பிரிக்கிறது. திறந்த மென்பொருள் உலகில் ஊறியவர்களுக்கு இது கசக்கும். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. மொசில்லாவே 2025-ல், தரவு தருகிற சமூகம் தன் நிபந்தனையைத் தானே போடும்படி ஒரு புதிய தளம் தொடங்கிவிட்டது.

இப்படிப் பூட்டி வைத்தால் ஏஐ-யில் அந்த மொழியே இல்லாமல் போய்விடாதா?

நியாயமான பயம். நிபந்தனை போட்ட தரவை நிறுவனங்கள் தொடாமல் தாண்டிப் போகலாம். மொழி தெரியாத மாடலையே மக்கள் பயன்படுத்தி, ஆங்கிலத்துக்கே பழகிவிடலாம். ஆண்டுக்கணக்கில் உரிமம் பற்றிக் கூட்டம் போட்டுக்கொண்டே ஒரு கோப்பையும் வெளியிடாத திட்டங்களால் யாருக்கும் பயனில்லை. தே ஹிக்கு தரவை வெளியே விடவில்லை என்றாலும் மாடலைச் செய்து முடித்து, சேவையாகத் திறந்தார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும் இடத்தில் காவல் அர்த்தமுள்ளது. வேலை எதுவும் நடக்காத இடத்தில் அது அலமாரிப் பூட்டுதான்.

குரல் கொடுப்பவருக்கு நல்ல கூலி தந்துவிட்டால்?

பெங்களூரின் கார்யா அந்த வழியில் போகிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் முளைத்து 2021-ல் தனி அமைப்பானது. கர்நாடகக் கிராமங்களில் மக்கள் தங்கள் செல்போனில் கன்னட வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்கிறார்கள். மணிக்குக் குறைந்தது 5 டாலர் அளவில் கூலி, அதே தரவு மறுபடி விற்றால் பேசியவருக்கு மீண்டும் ஒரு பங்கு என்பது ஏற்பாடு. நைரோபியில் ஏஐ-க்காக அருவருப்பான எழுத்துகளைத் தரம்பிரித்தவர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகவே போய்ச் சேர்ந்தது என்று 2023-ல் வெளிவந்த செய்தியோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஆனாலும் கூலி கூலிதான். எந்த வேலைக்குத் தரவு போகலாம், எதற்குப் போகக்கூடாது என்று சொல்லும் வாக்கு அதில் தானாக வந்துவிடாது.

தரவு கையில் இருந்தால் போதுமா?

போதாது. மாடலைப் பழக்கக் கணினி வேண்டும். அது வாடகைக்கு வாங்கினாலும் டாலரில் வருகிறது. பயன்படுத்துவதிலும் ஒரு மறைமுக வரி இருக்கிறது. ஏஐ சேவைகள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் போடுகின்றன. கணினியில் ஓர் ஆங்கில எழுத்து 1 பைட். "கொ" என்ற ஒரே தமிழ் எழுத்து 6 பைட். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த வெட்டுமுறை தமிழைத் துணுக்குத் துணுக்காக்குகிறது. ஒரே செய்தியைச் சொல்லத் தமிழுக்குப் பல மடங்கு டோக்கன் ஆகலாம். புதிய மாடல்களில் நிலைமை முன்னேறியிருக்கிறது, சமமாகிவிடவில்லை.

தமிழும் இந்த ஒடுக்கப்பட்ட மொழிப் பட்டியலில் வருமா?

ஆங்கிலத்தின் முன்னால் நாம் சிறியவர்கள், சரி. நீலகிரியில் அப்படி இல்லை. தோடர்கள் ஏறத்தாழ 2,000 பேர். அவர்களுடைய பாடல்களை மொழியியலாளர் எமனோ 1930-களில் கேட்டு எழுதினார். 1971-ல் ஆக்ஸ்போர்டு நூலாக வெளியிட்டது. இனி யாராவது தோட மொழிக்கு ஏஐ கருவி செய்யப் புறப்பட்டால், அந்தப் பக்கங்களைத் தேடித்தான் முதலில் போவார்கள். தோடர் குடியிருப்புகளான மந்துகளில் கேட்டுவிட்டுப் போவார்களா? இருளர், படகர், மதுரையின் சௌராஷ்டிரர் எல்லோர் விஷயத்திலும் தரவு திரட்டப் போகிறவர் பெரும்பாலும் தமிழ் பேசும் ஆராய்ச்சி மாணவராகத்தான் இருப்பார். மாவோரிக்காக ஆவேசப்படுகிற நாம் அங்கே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு பதிவுத் திட்டத்துக்குக் குரல் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். போகலாமா, என்ன கேட்க வேண்டும்?

தாராளமாகப் போகலாம். போகும்முன் உரிமத்தின் பெயரைக் கேளுங்கள். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று வாயால் சொல்வதற்கும் உரிமத்தில் எழுதியிருப்பதற்கும் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். கோப்பு எந்த சர்வரில், யார் கட்டுப்பாட்டில் இருக்கும்? திட்ட நிதி தீர்ந்ததும் யாரிடம் போகும்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் தயாராக இருக்காது. அதனாலேயே அழுத்திக் கேளுங்கள். குரலைப் போலி செய்யும் மென்பொருளுக்குக் கொடுப்பார்களா என்பதையும் விட்டுவிட வேண்டாம். உங்கள் பதிவுகளின் ஒரு பிரதியை உங்களிடமே தரச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொடுத்த பிறகு மனம் மாறினால் திரும்ப வாங்க முடியுமா?

கோப்பை அழிக்கச் சொல்லலாம். இந்தியாவின் 2023 சட்டம் ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. அது படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. ஆனால் அந்தக் கோப்பில் பழகிய மாடலிலிருந்து ஒருவருடைய குரலை மட்டும் பிரித்தெடுக்க இன்று நம்பகமான வழி இல்லை. முதலிலிருந்து மறுபடி பழக்க வேண்டும், அந்தச் செலவை யாரும் ஏற்கமாட்டார்கள். பொது உரிமத்தில் வெளியான தொகுப்பை ஏற்கெனவே இறக்கிக்கொண்டவரைத் தேடிப் பிடிப்பதும் நடக்காது. தே ஹிக்கு போலக் கோப்பைத் தங்கள் சர்வரிலேயே வைத்துக்கொண்டு, மாடலை மட்டும் ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் இணையவழி அதை அழைக்கும் இணைப்பு) வழியாகப் பயன்படுத்த விட்டால், வெளியே சுற்றும் பிரதி என்று ஒன்று இருக்காது. ஒருவர் விலகினால் அடுத்த முறை பழக்கும்போது அவருடைய குரலை விட்டுவிடலாம்.